அகதிகள் வந்தால் நோயும் வருமா? வன்னியின் அனுபவத்தில் இருந்து ஒரு விளக்கம்

2024 டிசெம்பர் 19ஆம் திகதி முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு வந்து நின்றது. மியன்மாரில் இருந்து தப்பிய ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், சிறுவர்களும் சேர்த்து, அதில் இருந்தார்கள். கரையோர மீனவர்கள் கண்டு சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகு அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், கடைசியில் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள்.

இப்படி ஆட்கள் வந்து இறங்கும்போதெல்லாம், இரக்கத்தோடு சேர்ந்து ஒரு பயமும் எழும்: "இவர்கள் ஏதும் வருத்தத்தைக் கொண்டு வந்திருப்பார்களோ?" கேள்வியில் தவறில்லை. மலேரியா இல்லாத நாடு என்று பெயர் எடுத்த நாட்டில், அதுவும் ஒரு காலத்தில் மலேரியாவால் நொந்துபோன வன்னியில், இதைக் கேட்காமல் விட்டால்தான் தவறு. ஆனால் "ஆம்" அல்லது "இல்லை" என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த நோய், அது எந்த வழியாகப் பரவுகிறது, வந்தவர்களை நாங்கள் எங்கே, எப்படி வைத்திருக்கிறோம் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் பதில் மாறும்.

ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடலாம். அந்தப் படகு வந்த அதே டிசெம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் சில உயிர்களைப் பறித்தது எலிக்காய்ச்சல். அதை எந்தப் படகும் கொண்டுவரவில்லை. எலிகளின் சிறுநீர் கலந்த எங்கள் வயல் தண்ணீரில்தான் அது இருந்தது.

முதலில் சில அடிப்படைகள்

தொற்று என்பது ஒரு கிருமி உடலுக்குள் புகுவது. நோய் என்பது அந்தக் கிருமியால் உடல் பாதிக்கப்படுவது. தொற்று இருந்தும் நோய் இல்லாமல் ஒருவர் நடமாடலாம். காசநோய்க் கிருமியைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறார்கள்.

ஒருவர் வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு இங்கே வந்து நோயாளியானால் அது "இறக்குமதியான நோய்". அவரிடம் இருந்து இங்குள்ள ஒருவருக்குத் தொற்றினால் அது "உள்ளூர்ப் பரவல்". இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதில் இருந்துதான் பாதிப் பீதி பிறக்கிறது. இறக்குமதியாவதைத் தடுப்பது மிகக் கடினம். விமான நிலையத்தால் நாளாந்தம் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் நாட்டில் அது நடக்காத காரியம். தடுக்கக்கூடியது இரண்டாவது.

வெளியில் இருந்து வரும் ஒரு தொற்று உள்ளூரில் பரவ நான்கு விடயங்கள் ஒன்றுசேர வேண்டும்:

1. வந்தவரின் உடலில் கிருமி, அதுவும் பிறருக்குக் கடத்தக்கூடிய நிலையில், இருக்க வேண்டும்.
2. அது கடந்து போக ஒரு வழி வேண்டும்: அசுத்தமான தண்ணீர், ஒரே அறையின் காற்று, நுளம்பு, தோலோடு தோல், குருதி என்று ஏதோ ஒன்று.
3. அந்த வழியின் மறுமுனையில் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவர் இருக்க வேண்டும்.
4. இதெல்லாம் நடந்து முடியும்வரை யாரும் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும்.

இந்த நான்கில் முதலாவது மட்டுமே வருபவரோடு வருகிறது. மற்ற மூன்றும் வரவேற்கும் நாட்டின் கையில். இனிச் சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

மெனிக் பாம்: வெளிநாட்டவர் ஒருவரும் இல்லாத கொள்ளைநோய்

முகாமில் நோய் எப்படிப் பரவுகிறது என்று படிக்க வன்னி மக்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. 2009இல் யுத்தம் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாமிலும் வவுனியாவின் மற்ற முகாம்களிலுமாக இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டார்கள். ஐந்து பேருக்கான கூடாரத்தில் அதைவிடக் கூடுதலான ஆட்கள். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், கொப்புளிப்பான், செங்கண்மாரி எல்லாம் வரிசையாக வந்தன. கொப்புளிப்பானும், ஹெபடைட்டிஸ் ஏ எனப்படும் செங்கண்மாரியும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கின.

இந்த மக்கள் எந்த வெளிநாட்டில் இருந்தும் வரவில்லை. கிளிநொச்சியில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் வந்தார்கள்.  அப்படியிருந்தும் ஏன் பரவியது?

மனிதாபிமான உதவிக்கென உலகளவில் ஏற்றுக்கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. ஸ்பியர் தராதரம் என்பார்கள். அதன்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம், மிக அவசரமான முதல் நாட்களில் மட்டும் 50 பேருக்கு ஒன்று. ஒரு தண்ணீர்க் குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகக்கூடாது. கூரைக்குக் கீழே ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர்.

15 லீற்றர் என்றால் ஒரு பெரிய வாளி. குடிக்க, சமைக்க, குளிக்க, பிள்ளையைக் கழுவ, துணி துவைக்க எல்லாம் அதற்குள். பவுசர் வர ஒரு நாள் பிந்தினால் முதலில் நிற்பது கை கழுவுவது. அங்கேதான் ஹெபடைட்டிஸ் ஏ நுழைகிறது. அது மலத்தில் இருந்து வாய்க்குப் போகும் கிருமி. 2009 ஓகஸ்ட் மழையில் முகாமுக்குள் வெள்ளம் நின்று மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்தன. அந்தத் தண்ணீருக்குள் நடந்து திரிந்த பிள்ளைகளை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் செங்கண்மாரிக்கு இன்னொரு குணம் உண்டு. கிருமி புகுந்து 15 தொடக்கம் 50 நாள் கழித்தே கண் மஞ்சளாகும். இதை வைத்துப் பின்னோக்கி எண்ணலாம். முகாமுக்குள் அடைபட்டு மூன்று மாதம் போன பிறகு ஒருவருக்கு மஞ்சள் கண்டால், அதை அவர் வெளியில் இருந்து கொண்டுவந்திருக்க வழியே இல்லை. முகாம்தான் அதைக் கொடுத்தது. எந்த முகாமிலும் "இவர்கள் கொண்டுவந்தது" என்று ஒரு நோயைச் சொல்லும் முன்பு முதலில் செய்ய வேண்டிய கணக்கு இது. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

உலகளவில் இதன் கொடூரமான உதாரணம் 1994இல் ருவாண்டா அகதிகள் நிரம்பிய, இன்றைய கொங்கோவின் கோமா நகரம். எரிமலைப் பாறை நிலம், மலசலகூடக் குழி வெட்ட முடியாது. குடிக்க கிவு ஏரித் தண்ணீர். முதல் ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 50,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வாந்திபேதியிலும் இரத்தக் கழிச்சலிலும். செத்தவர்கள் அகதிகளே. முகாம் நோயால் முதலில் சாவது எப்போதும் முகாமில் இருப்பவர்கள்தான்.

இதற்கு நேர்மாறான கதை ஹெய்ட்டி. 2010இல் அங்கே வாந்திபேதி புகுந்து ஏறக்குறைய 10,000 உயிர்களை எடுத்தது. கிருமியைக் கொண்டுவந்தவர்கள் அகதிகள் அல்லர். ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே காரணம். ஐ.நா. அதில் தனக்குள்ள பங்கை 2016இல் ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சீருடை போட்டவரைப் பார்த்து "நோய் கொண்டு வருகிறாரோ" என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

தொண்டைக்கரப்பான் சொல்லும் பாடம்

ரோஹிங்கியா மக்களைப் பற்றிய பயத்துக்கு ஒரு நியாயமான அடிப்படை உண்டென்றால் அது தடுப்பூசி. மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தில் அவர்களுக்குக் குடியுரிமையும் இல்லை, ஒழுங்கான சுகாதார சேவையும் இல்லை. எங்கள் ஊரில் குடும்பநல மாது வீடு தேடி வந்து, கிளினிக் அட்டையில் திகதி போட்டு, இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று கூப்பிட்டுப் போடும் ஊசிகள் அங்கே பல பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

2017 ஓகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷின் கொக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தார்கள். நவம்பரில் முகாம்களுக்குள் தொண்டைக்கரப்பான் வெடித்தது. தொண்டையில் சாம்பல் நிறத் தோல் போல ஒரு படலம் படிந்து, மூச்சை அடைத்து, நச்சு இதயத்தைத் தாக்கும் வருத்தம். எங்கள் இளம் வைத்தியர்களில் பலர் அதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியில் கண்டிருக்க மாட்டார்கள். முகாமில் சந்தேக நோயாளிகளின் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியது.

சரி, சுற்றி வாழ்ந்த பங்களாதேஷ் மக்களுக்கு என்ன ஆனது? சில பத்துப் பேருக்கு மட்டுமே வந்தது. இரு சமூகமும் ஒரே சந்தையில் சாமான் வாங்கின, ஒரே வீதியில் போயின. ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போடப்பட்டிருந்தது. நான்கு விடயங்களில் மூன்றாவது அங்கே அறுந்துவிட்டது.

இலங்கையில் பிள்ளைகளுக்கான ஊசி கிட்டத்தட்ட எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. தொண்டைக்கரப்பானுக்கு எதிரான மருந்து ஐந்துகூட்டு ஊசியிலும், 18ஆம் மாத ஊசியிலும், 5 வயதிலும், பாடசாலையில் ஏழாம் வகுப்பிலும் வருகிறது. அதனால் முள்ளிவாய்க்காலுக்கு வந்த ஒரு சிறுவன் இந்தக் கிருமியைச் சுமந்தாலும் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து இருப்பது அவனோடு ஒரே மண்டபத்தில் படுத்திருக்கும், ஊசி போடாத மற்ற ரோஹிங்கியாப் பிள்ளைகளுக்கு. ஊசியைக் கொண்டுபோய்ப் போட வேண்டிய இடம் அதுதான்.

சின்னமுத்து மட்டும் கொஞ்சம் வேறு. தொற்றும் வேகத்தில் அதை வெல்ல எதுவும் இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 தொடக்கம் 18 பேருக்குக் கொடுப்பார். அதை மறிக்க நூற்றுக்கு 95 பேராவது எதிர்ப்புச் சக்தியோடு இருக்க வேண்டும். இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2023இல் மறுபடி நூற்றுக்கணக்கானோருக்கு வந்தது. எந்த அகதிப் படகையும் அதற்குக் குற்றம் சொல்ல முடியாது. ஊசி போடாத எங்கள் ஆட்களிடையேதான் அது பெரும்பாலும் ஓடியது.

மலேரியா: இங்கேதான் கவனம் தேவை

மற்ற நோய்களில் "பெரிய பயம் இல்லை" என்று சொல்லலாம். மலேரியாவில் அப்படிச் சொல்ல மாட்டேன், குறிப்பாக வன்னியில்.

காரணம், இரண்டாவது விடயமான "வழி" இங்கே தயாராக இருக்கிறது. உலர் வலயத்தின் பழைய மலேரியா நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ். கோடையில் ஆறு வற்றி மணலில் அங்கங்கே தெளிந்த தண்ணீர் தேங்குமே, அந்தக் குட்டைகள் அதற்கு மிகவும் பிடித்தவை. கனகராயன் ஆறு, பறங்கியாறு, பாலியாறு, அருவியாறு என்று வன்னி முழுக்க அந்தக் குட்டைகள்தான். நாட்டில் மலேரியா இல்லை என்பதால் நுளம்பும் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. நுளம்பு இருக்கிறது, அதன் வயிற்றில் கிருமி இல்லை.

இதற்கு மேலாக ஒரு புது விருந்தாளி. 2016 டிசெம்பரில் மன்னார் தீவில், பேசாலையில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். ஆற்றுக் குட்டை தேவையில்லை, வீட்டுக் கிணறும் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியும் போதும். மூடாத கிணற்றில் வாளியை இறக்கி எடுத்துப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படுத்துக் கிடக்கும் புழுக்கள் தெரியும். டெங்கு நுளம்பின் புழு தலைகீழாகத் தொங்கும், அனோபிலிஸ் புழு படுத்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பள்ளிப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். கிணற்றில் சின்ன மீன் விடுவது, மருந்து போடுவது, வலையால் மூடுவது என்று மன்னாரில் செய்த வேலைகள் இதற்காகத்தான்.

கவனம் தேவை என்பதற்கு வரலாறும் சாட்சி. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள் மட்டுமே. வெற்றி என்று நினைத்துக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. 1999இலும் இரண்டரை லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பங்கு வடக்கு, கிழக்கு. அப்புறம் மருந்து விசிறல், நுளம்பு வலை, ஊர் ஊராக இரத்தப் பரிசோதனை என்று யுத்தத்துக்கு நடுவிலும் வேலை தொடர்ந்தது. கடைசி உள்ளூர் நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

இனி கிருமியின் குணம். மனிதரைத் தாக்கும் மலேரியாக் கிருமிகளில் முக்கியமானவை இரண்டு.

1. பல்சிபாரம். உயிரைக் கொல்வது பெரும்பாலும் இது. நுளம்பு கடித்து இரண்டு கிழமை அளவில் காய்ச்சல் வரும். ஆபிரிக்காவில் மிகுதி.
2. வைவாக்ஸ். இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் அதிகம். இது கல்லீரலுக்குள் போய்ப் படுத்துவிடும். காய்ச்சல் மாறி, ஆள் சுகமாகித் திரிந்து, மாதங்கள் கழித்து, சிலவேளை ஒரு வருடமும் கடந்து, மறுபடி இரத்தத்துக்குள் இறங்கும்.

நோயாளியைக் கடித்த நுளம்புக்குள் கிருமி முதிர ஏறக்குறைய 10 நாள் தொடக்கம் இரண்டு கிழமை ஆகும். அதற்குப் பிறகுதான் அந்த நுளம்பு இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். காய்ச்சல் தொடங்கியவுடன் நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால், அவரிடம் இருந்து கிருமி எடுக்கும் நுளம்புகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். இரண்டு கிழமை பிந்தினால் சங்கிலியின் அடுத்த கண்ணி உருவாகிவிடும்.

பரிசோதனை மிகச் சின்ன வேலை. விரல் நுனியை ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பிளாஸ்டிக் பட்டையின் துளையில் விட்டு, பக்கத்துத் துளையில் மருந்து நீரைச் சொட்டினால், 15 தொடக்கம் 20 நிமிடத்தில் கோடு விழும். ஒரு கோடு என்றால் பரிசோதனை சரியாக வேலை செய்தது, கிருமி அகப்படவில்லை. கூடுதலாக இன்னொரு கோடு விழுந்தால் கிருமி இருக்கிறது. கூடவே கண்ணாடித் தட்டில் இரத்தத்தைத் தேய்த்து நுணுக்குக்காட்டியிலும் பார்ப்பார்கள். ஆனால் ஒரு முக்கியமான குறை: கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸை இந்த இரண்டாலும் காண முடியாது. அதனால் வந்து இறங்கிய அன்று ஒருமுறை இரத்தம் பார்த்து "எல்லோரும் சுத்தம்" என்று அனுப்பிவிடுவது போதாது. பின்தொடர வேண்டும். வைவாக்ஸ் உறுதியானால் 14 நாள் பிறைமாகுவின் குளிசை முழுவதும் போட வேண்டும். காய்ச்சல் விட்டது என்று ஐந்தாம் நாளில் நிறுத்தினால் கல்லீரலில் மிச்சம் இருக்கும். அதைப் போடுமுன் ஜீ6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. இருந்தால் அந்தக் குளிசை செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும்.

இப்போது முக்கியமான கேள்வி: யார் கொண்டுவருகிறார்கள்? 2012க்குப் பிறகு இலங்கைக்கு மலேரியா வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் சில பத்துப் பேரோடு. ஆபிரிக்காவுக்குப் போய்வரும் மாணிக்கக்கல் வியாபாரிகள், அமைதிப்படையில் இருந்து திரும்பும் படையினர், இந்தியாவுக்கு யாத்திரை போனவர்கள், இங்கே வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்று பட்டியல் நீளம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளும் அதில் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சான்றிதழுக்குப் பிறகு முதன்முதலாக உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது 2018 டிசெம்பரில், மொனராகலையில். மூலம் வேலைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி, அகதி அல்ல. உடனே கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களின் இரத்தம் பார்த்து, நுளம்புக்கு மருந்தடித்து அதோடு நிறுத்தினார்கள்.

வன்னியைப் பொறுத்தவரை படகில் வரும் ரோஹிங்கியாவைவிடக் கவனிக்க வேண்டிய பயணம் பாக்கு நீரிணையைக் கடப்பது. தமிழ்நாட்டு முகாம்களில் பத்தாயிரக்கணக்கான எங்கள் உறவுகள் இன்னும் இருக்கிறார்கள். மண்டபம் முகாமுக்குப் பக்கத்து இராமேஸ்வரம் தீவு பழைய மலேரியா இடம். சிலர் விமானத்தில் முறைப்படி வருவார்கள். சிலர் இரவில் படகேறி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். இந்தியக் காவலில் இருந்து விடுபட்டு வரும் மீனவரும் உண்டு. முறைப்படி வருபவரின் இரத்தத்தைப் பார்க்க வழி இருக்கிறது. இரவில் இறங்குபவர் பிடிபடுவோம் என்ற பயத்தில் காய்ச்சலோடு வீட்டுக்குள் படுத்திருப்பார். சுற்றிவர மூடாத கிணறு. இதுதான் வன்னியின் உண்மையான மலேரியா ஆபத்து. இது அந்நியர் கொண்டுவருவது அல்ல, பெரும்பாலும் மச்சான், மாமி, பெரியம்மா வரும் வழியில் வருவது.

வேகமாகச் சில நோய்கள்

காசநோய்: இலங்கையில் ஆண்டுக்கு 8,000 தொடக்கம் 9,000 பேர் அளவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், அகதிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே மூடிய அறையில் நீண்ட காலம் சேர்ந்திருப்பவருக்கே இலகுவில் தொற்றும். ஆறு மாத மருந்து அரச சிகிச்சை நிலையங்களில் இலவசம்.

சொறி: கொக்ஸ் பஜார் முகாம்களில் பெரிய தொல்லை. உயிராபத்து இல்லை. ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூசி, உடுப்பும் படுக்கையும் மாற்றினால் தீரும். அதற்குத் தண்ணீரும் மாற்றுடுப்பும் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஹெபடைட்டிஸ் சி: அதே முகாம்களில் 2023இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய ஆய்வில், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருந்தது. சுத்தம் செய்யாத ஊசிகளால் பல காலமாகப் பரவியதாக இருக்கலாம். கைகுலுக்கினால், சேர்ந்து சாப்பிட்டால் வராது. பெரும்பாலும் குருதி வழியாகத்தான் வரும். மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிறது.

டெங்கு: ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது. வருபவருக்குத்தான் நாங்கள் கொடுப்போம்.

அடைத்து வைப்பதால் என்ன நடக்கிறது

இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென உள்நாட்டுச் சட்டமும் இல்லை. வருபவரைச் சட்டம் முதலில் பார்ப்பது சட்டவிரோதமாக நுழைந்தவர் என்றுதான். ஐ.நா. அகதிகள் முகவரகம் பதிவு செய்து, வேறொரு நாடு ஏற்கும்வரை காத்திருக்க வைக்கும். அந்தக் காத்திருப்பு வருடக்கணக்கில் போகும்.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளில் இருந்து துரத்தப்பட்டார்கள். பள்ளிவாசல்களிலும், பொலிஸ் நிலைய வாகனத் தரிப்பிடத்திலும் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். ஒரு பகுதியினரை வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது இங்கேயும் எதிர்ப்பு எழுந்தது. இதைச் சுகாதாரக் கண்ணால் பாருங்கள். அவரவர் வாடகை வீட்டில், தனித்தனிக் குளியலறையோடு இருந்தவர்களை ஒரே கூரைக்குள் தள்ளியதால் தொற்று வழிகள் கூடின. இது "பாதுகாப்பு" என்ற பெயரில் நடந்தது.

கேப்பாப்புலவிலும் முதலில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் உத்தியோகத்தர்களை உள்ளே விடவில்லை. படைமுகாம் வாசலில் சுகாதார வைத்திய அதிகாரியின் ஆட்களும் அனுமதி கேட்டுத்தான் நிற்க வேண்டும். பரிசோதகர் மலசலகூடத்தை எண்ண முடியாத இடத்தில், மருத்துவிச்சி பிள்ளையின் ஊசியைக் கேட்க முடியாத இடத்தில், நான்காவது விடயமான "கண்டுபிடிக்காமல் இருப்பது" தானாக நடக்கும். 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவுக் குடும்பங்களும் இருந்தன. சொந்தக் காணிக்குப் போக முடியாமல் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். வேலிக்குள் இருக்கும் முகாமின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்த ஊரிடம் கேட்டால் சொல்லும்.

பயமுறுத்தலும் நோயை மறைக்கத்தான் உதவும். காய்ச்சல் என்று சொன்னால் தனியே பிரித்துவிடுவார்கள், நாடு கடத்திவிடுவார்கள் என்று நினைப்பவர் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் சொல்ல நினைத்தாலும் முடியாது. ரோஹிங்கியா மொழி தெரிந்தவர் வன்னியில் எங்கே கிடைப்பார்? தொலைபேசி வழியாக ஒருவரைப் பிடிப்பது மருந்து வாங்குவதற்குச் சமமான வேலை.

அடுத்த படகு வந்தால் செய்ய வேண்டியவை

1. முதல் நாள்: தண்ணீர், சாப்பாடு, காயங்கள், கர்ப்பிணிகள். பல நாள் கடலில் கிடந்தவருக்கு உடனடி ஆபத்து நீரிழப்பு, தொற்று இரண்டாம் பட்சம்.
2. முதல் இரண்டு, மூன்று நாளுக்குள்: எல்லோருக்கும் மலேரியா இரத்தப் பரிசோதனை, அவர்கள் விளங்கும் மொழியில் காரணம் சொல்லி. நுளம்பு வலை கொடுப்பது. தங்குமிடத்தைச் சுற்றிக் கிணறு, தாங்கி, குழிகளைப் பார்ப்பது.
3. முதல் கிழமை: பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, தொண்டைக்கரப்பான், போலியோ ஊசிகள். அட்டை இல்லை என்றால் "போடவில்லை" என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஒருமுறை கூடுதலாகப் போட்டால் கேடு இல்லை.
4. தொடர்ந்து: இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை. குறைந்தது ஒரு வருடத்துக்கு, எந்தக் காய்ச்சலுக்கும் மறுபடி மலேரியாப் பரிசோதனை.
5. இடம் எதுவாயினும் ஸ்பியர் அளவுகள். 100 பேர் என்றால் 5 மலசலகூடம், நாளுக்கு 1,500 லீற்றர் தண்ணீர். ஒரு சின்னப் பவுசருக்குள் அடங்கும் அளவு.

ஊர்க்காரருக்கும் ஒரு வேலை உண்டு. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், கிளிநொச்சி ஆனாலும் மல்லாவி ஆனாலும் மாங்குளம் ஆனாலும், வைத்தியரிடம் முதல் வசனமாக அந்தப் பயணத்தைச் சொல்லுங்கள். இன்றைய இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை, டெங்கைத்தான் முதலில் நினைப்பார்கள். எப்படிப் போய் எப்படி வந்தீர்கள் என்பது அவருக்குத் தேவையில்லை, எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதுதான் தேவை. பரிசோதனையும் மருந்தும் அரச வைத்தியசாலையில் காசில்லை.